மெல்லிசை மன்னர் எங்கள் வீட்டுக்கு வந்தார்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் எம்.எஸ்.விஸ்வநாதன் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

சிரிக்காதீர்கள். அவர் 2015-இலேயே காலமாகிவிட்டார் என்பது எனக்கும் தெரியும். கனவில்தான் வந்தார். வயதானவன் கனவைச் சொல்ல ஆரம்பித்தால் கேட்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள் என்பதும் தெரியும். நான் "நேத்து ராத்திரி ஒரு கனவு" என்று தொடங்கினால் போதும், என் மனைவிக்கு அடுப்பில் பால் பொங்கிவிடும். ஆனாலும் இந்தக் கனவு சும்மா போகவில்லை. இருபத்தெட்டு வருஷமாக நான் செய்யாமல் வைத்திருந்த ஒரு காரியத்தைச் செய்ய வைத்துவிட்டுத்தான் போயிற்று. அதனால் எழுதுகிறேன்.

கனவு ரயில்வே கேட்டில் தொடங்கியது. மீட்டர் கேஜ் காலத்துக் கேட். மூடியிருக்கிறது. இந்தப் பக்கம் நான், ஒரு கையில் பால் தூக்கு, இன்னொரு கையில் ரேஷன் கார்டு. அந்தப் பக்கம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, நடுவில் குங்குமம். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நடுவில் ரயில் போய்க்கொண்டே இருக்கிறது, முடிகிற வழியைக் காணோம். பெட்டிகளுக்கு இடையில் அவர் தெரிகிறார், மறைகிறார், மறுபடி தெரிகிறார். ஒவ்வொரு தடவை தெரியும்போதும் அவருக்குக் கொஞ்சம் வயது குறைந்திருந்தது. கடைசிப் பெட்டி போனபோது, அறுபதுகளில் பேசும்படம் பத்திரிகையில் பார்த்த முகமாக நின்றார்.

கேட் திறக்கவில்லை. நாமெல்லாம் அந்தக் காலத்தில் செய்தது மாதிரி குனிந்து கம்பிக்கு அடியில் நுழைந்து வந்தார். வந்தவர் முதலில் கேட்டது, "புலி எங்கே தம்பி? போர்டுல இரும்புலியூர்னு போட்டிருக்கு, புலியைக் காணோமே."

"வண்டலூருக்கு மாத்திட்டாங்க சார்" என்றேன். நேரில் எனக்கு இந்தச் சாமர்த்தியம் ஒருநாளும் வந்ததில்லை. அவர் நன்றாகச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்தோம். இப்போதைய வீடு இல்லை. 1996-இல் இடித்துவிட்ட பழைய ஓட்டு வீடு. கூடம் நிறைய வாத்தியக்காரர்கள். வயலின்காரர்கள் மட்டும் திண்ணையிலிருந்து வரிசையாக ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் போய், ரோட்டு நடுத் தடுப்பின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் லாரி போகிறது, அவர்கள் பாட்டுக்கு வில்லைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1994-இல் காலமான என் அம்மா, வெந்நீர் போடுகிற பித்தளை பக்கெட்டில் காபி கலந்து, கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்றுவது போல ஒவ்வொருவருக்கும் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் வாசிக்கவில்லை. "இன்னும் வரலையா? இன்னும் வரலையா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எம்.எஸ்.வி. பாயில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டினார். பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தரை.

"பெட்டி எங்கே?"

கனவிலேயே எனக்கு வியர்த்தது. "கரையான் அரிச்சுடுச்சு சார்" என்றேன்.

கூடம் முழுக்க அமைதி. அம்மா மொண்ட டம்ளரோடு அப்படியே நின்றாள். அவர் கோபப்படவில்லை. எழுந்து போய் மூலையில் இருந்த மர பீரோவைத் திறந்தார். உள்ளே ஆர்மோனியப் பெட்டி. என் அண்ணனுடைய பெட்டி. மேலே போட்டிருந்த உறைகூட அதேதான், அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் தைத்தது. மூடியைத் திறந்து உள்ளே விரலால் ஒரு தடவு தடவி, அந்த விரலை என் முகத்துக்கு நேரே காட்டினார். ஒரு துளி புற்றுமண் இல்லை.

பிறகு "துருத்தி நீ போடு" என்றார்.

எதிரே உட்கார்ந்தேன். என் கையைப் பார்த்தால் பன்னிரண்டு வயசுக் கை. துருத்தியைப் போடுகிறேன், அவர் இரண்டு கையாலும் வாசிக்கிறார். என்ன மெட்டு என்றால் சொல்லத் தெரியாது. அதற்கு முன் கேட்டதில்லை, ஆனால் எப்போதோ கேட்ட மாதிரியும் இருந்தது. ஒரு இடத்தில் அவர் விரல் அழுத்துகிறது, சத்தம் வரவில்லை. ஒரு கட்டை ஊமை. அந்த இடம் வரும்போதெல்லாம் மெட்டில் ஒரு ஓட்டை. மூன்று தடவை பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "இது அவருக்குத்தான் தெரியும். வரட்டும், இருக்கோம்" என்றார்.

"யாரு சார், ராமமூர்த்தி சாரா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் வாசலைப் பார்த்தார். வாத்தியக்காரர்கள் எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள்.

விழித்துக்கொண்டேன். மணி நாலு பத்து. தூரத்தில் ரயில் ஊதுகிற சத்தம். "என்னங்க, யாருக்கு விசிறுறீங்க?" என்று என் மனைவி கேட்ட பிறகுதான், என் வலது கை இன்னும் ஆடிக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

இதற்கு டாக்டர் ஒரு காரணம் சொன்னார். இரண்டு மாதம் முன்பு ரத்த அழுத்தத்துக்கு வேறு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். பீட்டா பிளாக்கர் என்கிற வகை. அதில் சில, குறிப்பாகக் கொழுப்பில் கரையக்கூடியவை, மூளைக்குள்ளும் போய்விடுமாம். இப்படிப் பளிச்சென்று கனவு வருவது அவற்றின் தெரிந்த பக்கவிளைவுகளில் ஒன்றாம். தூங்கும்போது மூடிய இமைக்குள் கண் வேகமாக உருளுகிற ஒரு கட்டம் உண்டு, நல்ல கனவெல்லாம் பெரும்பாலும் அதில்தான் வருகிறது என்று சிகாகோவில் அசரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் 1953-இல் எழுதினார்கள். இரவு ஏற ஏற அந்தக் கட்டம் நீண்டுகொண்டே போய் விடியற்காலையில்தான் அதிகமாக இருக்குமாம். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று பாட்டி சொன்னாள் அல்லவா? பலிக்குமோ இல்லையோ, அந்த நேரத்துக் கனவுதான் கண் விழித்த பிறகும் ஞாபகம் இருக்கிறது. பாதிக் கிணறு பாட்டியும் தாண்டியிருக்கிறாள்.

இசைக்காரர்கள் வந்த கனவு வேறு யாருக்காவது வந்திருக்கிறதா என்று என் மகனைத் தேடச் சொன்னேன். இத்தாலியில் தார்த்தினி என்று ஒரு வயலின் மேதை இருந்திருக்கிறார். அவர் கனவில் பிசாசு வந்து அவருடைய வயலினையே வாங்கி வாசித்ததாம். எழுந்தவுடன் ஞாபகம் இருந்த மட்டும் எழுதி வைத்தார், ஆனால் கனவில் கேட்டதற்குப் பக்கத்தில்கூட அது வரவில்லை என்று கடைசி வரை குறைப்பட்டுக்கொண்டார். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிக்குப் பிசாசு கூட வரவில்லை, மெட்டு மட்டும் வந்தது. அவருடைய மிகப் பிரபலமான 'யெஸ்டர்டே' பாட்டின் மெட்டு தூக்கத்தில் வந்ததுதானாம். வேறு யாருடைய மெட்டோ தன் மண்டைக்குள் தங்கிவிட்டதோ என்று பயந்து, ரொம்ப நாள் போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் "இதை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மெட்டுக்கு இடம்பிடித்து வைக்க அவர் முதலில் போட்ட சொற்கள் முட்டைப் பொரியலைப் பற்றியவை! பாட்டு வெளிவந்தது 1965-இல். அந்த வருஷம் நமக்கும் முக்கியமான வருஷம், சொல்கிறேன்.

நமக்குக் கனவு புதிதில்லை. கண்ணகி கண்ட கனவைச் சொல்லவே சிலப்பதிகாரத்தில் ஒரு காதை இருக்கிறது. கனவுக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ஆண்டாள் கல்யாணமே கனவில்தான் நடந்தது. ஆனால் அவர்கள் கனவில் எல்லாம் வரப்போவது வந்தது. என் கனவில் வந்தது நடந்து முடிந்த விஷயம். அதனால் டாக்டர் சொன்ன மாத்திரைக் காரணம் எனக்கு முழுசாகத் திருப்தி தரவில்லை. கனவு வந்ததற்கு மாத்திரை காரணமாக இருக்கட்டும். எம்.எஸ்.வி. வந்து கரையானைத் தேடியதற்கு மாத்திரை என்ன செய்யும்?

அண்ணன் அந்தப் பெட்டியை 1962-இல் வாங்கினார். ரயில்வேயில் குமாஸ்தா வேலை கிடைத்த வருஷம். மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் எண்பத்தைந்து ரூபாய். அன்றைக்கு அவர் சம்பளத்தில் முக்கால்வாசி. பார்க்கில் ரயிலேறி, தாம்பரத்தில் இறங்கி, தோளில் வைத்துக்கொண்டு இரும்புலியூர் வரை நடந்தே வந்தார். "சம்பளத்தைக் கொண்டுவாடான்னா பெட்டியைக் கொண்டு வந்திருக்கான்" என்று அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் ராத்திரி அண்ணன் வாசித்தபோது ஈஸிசேரில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதற்குப் பிறகும் பேசவில்லை, ஆனால் அது வேறு விதம்.

கைப்பெட்டி என்பதால் ஒரு கை துருத்திக்குப் போய்விடும், ஒரு கைதான் கட்டைக்கு. அண்ணனுக்கு இரண்டு கையாலும் வாசிக்க ஆசை. அதனால் எதிரே என்னை உட்கார வைத்துத் துருத்தி போடச் சொல்வார். எனக்குப் பன்னிரண்டு வயசு. ராத்திரி எட்டரைக்கு ஆரம்பித்தால் பத்து மணி வரை. "வேகமாப் போடாதடா, மூச்சு மாதிரி போடு" என்பார். எனக்குச் சங்கீதம் ஒரு அட்சரம் தெரியாது. ஆனால் அவர் எந்த இடத்தில் எவ்வளவு காற்று கேட்பார் என்பது கைக்குத் தெரியும்.

ஆர்மோனியத்துக்கு அன்றைக்கு மரியாதை குறைவு. நம் இசைக்குச் சரிப்படாத வாத்தியம் என்று 1940-இல் ஆல் இந்தியா ரேடியோ அதை வெளியே நிறுத்தியது, 1971-இல்தான் தடையைத் தளர்த்தினார்கள். ரேடியோவில் இடமில்லாத அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் தமிழ்நாட்டு ரேடியோப் பெட்டி ஒவ்வொன்றையும் பாட வைத்தார் என்பதில் அண்ணனுக்குப் பெரிய பெருமை. எம்.எஸ்.வி.யின் கதையை எனக்கு அவர்தான் சொன்னார். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் 1928-இல் பிறந்தவர், சின்ன வயசில் அப்பாவை இழந்தவர், கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் கற்றவர், நடிகராகும் ஆசையில் வந்து ஜூபிடர் பிக்சர்ஸில் எடுபிடி வேலை செய்தவர். பிறகு சென்னையில் சி.ஆர்.சுப்பராமனின் குழுவில் இவர் ஆர்மோனியம், திருச்சிக்காரரான டி.கே.ராமமூர்த்தி வயலின். 1952-இல் சுப்பராமன் இளம் வயதிலேயே போய்விட, அவர் பாதியில் விட்ட வேலைகளை இந்த இருவரும் முடித்துக் கொடுத்தார்கள். அதே வருஷம் கலைவாணர் எடுத்த 'பணம்' படத்தில் 'விஸ்வநாதன் – ராமமூர்த்தி' என்று பெயர் வந்தது.

பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் மூன்றும் ஒரே வருஷம், 1961. 1963-இல் நெஞ்சில் ஓர் ஆலயம். 1964-இல் காதலிக்க நேரமில்லை, புதிய பறவை. இந்த வயசுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டீக்கடையில் அண்ணனும் அவர் கூட்டாளிகளும் சண்டை போடுவார்கள். இந்த இடத்து வயலின் ராமமூர்த்தி போட்டது, இல்லை இது விஸ்வநாதன் யோசனை என்று. எது யாருடையது என்று பிரிக்கவே முடியாமல் அந்தச் சண்டை முடியாமலே போகும். அதுதான் அந்த ஜோடியின் அழகு என்று இப்போது தோன்றுகிறது.

1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்துவிட்டார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "பாகம் பிரிச்சுட்டாங்கடா" என்றார். யாரோ நம் சித்தப்பா வீட்டு விவகாரம் மாதிரி. அன்றைக்கு நான் துருத்தி போடவில்லை.

அதற்கப்புறம் அண்ணனுக்குக் கல்யாணம், பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்கு மாற்றல், திருச்சியிலேயே குடித்தனம். பெட்டி இங்கேயே இருந்தது. "அங்கே குவார்ட்டர்ஸ்ல இடம் பத்தாது, நீ வெச்சிரு" என்றார். லீவில் வரும்போதெல்லாம் உறையை எடுத்துத் துடைத்து ஒரு மணி நேரம் வாசிப்பார். நானும் எதிரே உட்காருவேன். எனக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் துருத்தி நான்தான்.

1995-இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்கு இரண்டு பேரும் மறுபடி சேர்ந்தார்கள். முப்பது வருஷம் கழித்து. அண்ணன் திருச்சியிலிருந்து ஒரு கார்டு போட்டார். கார்டில் எழுதியிருந்தது ஒரே வார்த்தை, "சேர்ந்துட்டாங்க". கீழே கையெழுத்து. படம் ஓடியதா இல்லையா என்பது அவருக்கு ஒரு விஷயமே இல்லை.

அதற்கு அடுத்த வருஷம் நாங்கள் பிரிந்தோம்.

அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அம்மாவின் கடைசி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தவன் நான். அண்ணன் இரண்டு நாள் லீவில் வந்து போவார். பிறகு அப்பா வாங்கிப் போட்ட முக்கால் கிரவுண்டில் அவர் பாகத்தைப் பணமாகக் கேட்டார். அவருக்குப் பெண் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. கேட்டது நியாயம். இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு நான் பி.எஃப். கடன் வாங்கி ரூபாயை எண்ணிக் கொடுத்தபோது கை நடுங்கியது களைப்பினால் இல்லை.

ஓட்டு வீட்டை இடிக்க ஆள் வந்த அன்றைக்குச் சாமான்களை எல்லாம் பக்கத்து வீட்டில் ஏற்றினோம். பெட்டி மட்டும் திண்ணையில் இருந்தது. பழைய சாமான்காரர் வண்டியோடு வந்தார். "இதுவும் போடறதா சார்?" என்று கேட்டார். இடத்தை அடைக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இல்லை காரணம். அந்த நிமிஷம் அண்ணனுக்கு வலிக்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது, கைக்கு எட்டினது அதுதான். அறுபது ரூபாய் கொடுத்தார். அது அன்றைக்கு வேலைக்கு வந்த சித்தாள் ஒருத்தியின் கூலிக்குச் சரியாகப் போயிற்று. அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, வண்டி குலுங்கிய குலுக்கலில் துருத்தி தானாகத் திறந்து ஒரு சத்தம் கொடுத்தது. ஒரே ஒரு சத்தம். அது எனக்கு இன்னும் கேட்கும்.

கிரகப்பிரவேசத்துக்கு வந்த அண்ணன் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கேட்டார். "பெட்டி எங்கேடா?"

"கரையான் அரிச்சுடுச்சு அண்ணே. ஏரிக்கரை மண்ணு, தெரியாதா. ஒண்ணும் மிஞ்சலை."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்றார். சாயங்காலம் தங்குவதாக இருந்தவர் மூன்று மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். சண்டை இல்லை, ஒரு வார்த்தை கூடக் குறைவாகப் பேசவில்லை. பத்திரிகை வந்தால் கல்யாணத்துக்குப் போவோம், வருவோம், மொய் எழுதுவோம். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு கார்டு வந்ததில்லை.

2012-இல் அந்த இருவரையும் ஒரே மேடையில் உட்கார வைத்து மரியாதை செய்ததை டிவியில் பார்த்தேன். அடுத்த ஏப்ரலில் ராமமூர்த்தி போய்விட்டார். 2015 ஜூலை 14-ஆம் தேதி காலையில் எம்.எஸ்.வி. போன செய்தி வந்தது. ஒரு பத்ம விருது கூடக் கொடுக்காமலே அனுப்பிவிட்டார்கள். தினமும் காலையில் நம் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து அவர் போட்ட மெட்டு. அது போதும் என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ. அந்தக் காலையில் போனைக் கையில் எடுத்தேன். அண்ணன் நம்பர் மனப்பாடம். அங்கே அவரும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று தெரியும். எடுத்த போனைக் கீழே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில், பெட்டியை விற்றதைவிட அன்றைக்குப் போன் செய்யாததுதான் அதிகம் உறுத்தியது.

கனவு வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டேன். மருமகப்பெண் எடுத்தாள். "மாமா மெஷின் போட்டிருக்காங்க, ஆனா சத்தமாப் பேசுங்க" என்று கொடுத்தாள். அவருக்கு எண்பத்து மூன்று. காது ரொம்ப மந்தம்.

"யாரு?"

"நான்தான் அண்ணே, இரும்புலியூர்லேருந்து."

"யாருக்கு என்ன ஆச்சு?"

நான் போன் செய்தால் அவருக்கு அப்படித்தான் தோன்றும். "யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஒரு கனவு கண்டேன்."

"என்ன கண்டே?"

"கனவு! கனவு!" என்று கத்தினேன். என் மனைவி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

முழுக்கச் சொன்னேன். கேட், புலி, நடுரோட்டு வயலின்காரர்கள் எல்லாம். நடுநடுவே "ம்" என்பார். பக்கெட் காபிக்கு வந்தபோது, "அந்தப் பித்தளை பக்கெட்டா? ஒரு பக்கம் நசுங்கியிருக்குமே?" என்று சிரித்தார். பெட்டி எங்கே என்று எம்.எஸ்.வி. கேட்ட இடத்தில் எனக்குத் தொண்டை நின்றுவிட்டது.

"அண்ணே, அன்னைக்குக் கரையான் அரிக்கலை. நான்தான் பழைய சாமான்காரருக்குப் போட்டுட்டேன். அறுபது ரூபாய்க்கு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. காதில் விழுந்ததா, மெஷின் கழன்றுவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் சாத்தியும் தெருவுக்கே கேட்டிருக்கும், இதை இரண்டாவது தடவை கத்த என்னால் முடியாது. காத்திருந்தேன்.

"எந்தக் கட்டைடா ஊமைன்னே?" என்றார்.

"தெரியலை அண்ணே. கறுப்புக் கட்டை ஒண்ணு."

"கறுப்பு ரெண்டு ரெண்டா இருக்கும், மூணு மூணா இருக்கும். எதுல?"

கண்ணை மூடிப் பார்த்தேன். "மூணுல."

"நடுவா?"

"நடு."

"அதான். அது அப்பவே தகராறு. மழைக்காலம் வந்தா பேசாது. ரீடு நாக்குக்கு அடியில தூசி உக்காந்துக்கும். ஒரு மெல்லிசு காகிதத்தை உள்ளே விட்டு இழுத்தாச் சரியாப் போயிடும். அதுக்காகப் பெட்டியையே தூக்கிப் போடணுமா?"

அவர் காதில் விழுந்திருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி ஜன்னல் பக்கமாகவே திரும்பி நின்றிருந்தாள்.

"அவருக்குத் துருத்தி யார் போட்டது?" என்று கேட்டார்.

"நான்தான்."

"வேகமாப் போட்டிருப்பே."

"இல்லண்ணே. மூச்சு மாதிரிதான் போட்டேன்."

"ம்" என்றார். பிறகு மாத்திரை நேரம், மருமகள் திட்டுவாள் என்று போனை வைத்துவிட்டார். வா என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. அன்றைக்கே கரையான் கதை பொய் என்று தெரிந்துவிட்டதா என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஒரு டிக்கெட் போட்டிருக்கிறேன், தாம்பரத்திலேயே ஏறிக்கொள்ளலாம். வெயிட்டிங் லிஸ்ட் பதினொன்று. கனவு தொந்தரவாக இருந்தால் மாத்திரையை மாற்றித் தருகிறேன் என்று டாக்டர் சொன்னார். திருச்சி போய்வருகிற வரைக்கும் இதுவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.